குறைந்த விலை ரிசீவர்: சாதா 5.1, அட்மாஸ் உள்ள 7.2, பழைய பெரிய பெட்டி – எது?

டிவி, பிளேயரின் சத்தத்தை வாங்கிப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான் ரிசீவர். என் முதல் ரிசீவரின் பின்பக்கத்தில், ஸ்பீக்கர் ஒயர் சொருகும் துளைகளில், சிவப்பும் கறுப்புமாகக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன. ஒயரை மாட்டும்போது நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். ஐந்து ஸ்பீக்கருக்குப் பத்து மூடிகளை எடுத்தேன். நான்கு மீதி. அது 7.1 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கர், சப்வூஃபர் எனும் பேஸ் பெட்டி ஒன்று), “இன்னும் இரண்டு ஸ்பீக்கர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்” என்ற நினைப்பில் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது. ஆறு வருடம் கழித்து விற்பதற்காகத் தூசி துடைத்தபோது அந்த நான்கு மூடிகளும் அப்படியே இருந்தன.

அதனால் இப்போது யாராவது கையைக் கடிக்காத விலையில் ஒரு ரிசீவர் சொல்லச் சொன்னால், மாடல் பெயருக்குப் போகும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். எத்தனை ஸ்பீக்கரை உண்மையிலேயே வைக்கப் போகிறீர்கள்? படம் எதிலிருந்து ஓடப் போகிறது: டிவிக்குள் இருக்கும் ஆப்பிலிருந்தா, தனி பிளேயரிலிருந்தா, கேம் கன்சோலிலிருந்தா? இதற்குப் பதில் கிடைத்தாலே பட்டியலில் பாதி கழன்றுவிடும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண் கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஆனால் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், அதனால் அதையே முதலில் பேசிவிடலாம்.

வாட் கணக்கு

சோனி எஸ்டிஆர்-டிஎச்590 ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 145 வாட் என்கிறது. அதைவிட மேல்படியில் இருக்கும் டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச்-க்கு 80 வாட் என்று போட்டிருக்கும். அப்படியானால் சோனி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலசாலியா? அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் கதை மாறும். 145 என்பது 6 ஓம் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கரில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒரு சுருதியை மட்டும் வாசித்து, 0.9 சதவீதச் சிதைவு வரை அனுமதித்து எடுத்த எண். அதே சோனியின் விவரத்தாளில் இன்னொரு வரி உண்டு: 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை (காதுக்குக் கேட்கும் முழு வீச்சு), 0.09 சதவீதச் சிதைவுக்குள், 6 ஓமில் இரண்டு சேனலுக்கும் 90 வாட். டெனானின் 80 வாட் 8 ஓமில், அதே முழு வீச்சில், இரண்டு சேனல் ஓடும்போது அளந்தது. ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயரின் வாட் எண் தானாகவே கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் நிற்கின்றன.

சோனியை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த வேலையை எல்லாக் கம்பெனிகளும் செய்கின்றன. ரொம்பப் பழைய தந்திரமும்கூட. ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் வாட் எண் கட்டுக்கடங்காமல் போனதால்தான், அதை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே விதி போட்டது. ஆகவே ஒப்பிடும்போது இரண்டு பெட்டிக்கும் “20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல்” என்ற வரியைத் தேடிப்பிடித்து அவற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் அந்த எண்ணும் இறங்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். படங்களில் அப்படி ஐந்தும் சேர்ந்து உச்சத்தில் கத்தும் நேரம் மிகக் குறைவு.

சரி, எத்தனை வாட் வேண்டும்? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம்; சாதாரணமாகக் கிடைப்பது இந்த அளவுதான். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அறையின் உதவியோடு சுமார் 80 டெசிபல் வந்து சேரும். ஒரே ஒரு வாட்டுக்கு அதுவே நல்ல சத்தம். இருவர் பேசிக்கொள்ளும் காட்சியில் 70 டெசிபல் போதும் என்றால் ஆம்ப் கொடுப்பது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. வெடிச்சத்தம் 97 டெசிபலுக்கு எகிறும்போதுதான் 50 வாட் கேட்கும், அதுவும் கண்ணிமைக்கும் நேரம். அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் சத்தத்தைச் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபர் சுமந்துகொள்வதால் ரிசீவருக்குப் பாரம் இன்னும் குறைகிறது.

80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல். காதுக்குப் பிடிபட்டால் அதிசயம். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். அல்லது 88-க்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்க வேண்டும். இரண்டாவது வழி பெரும்பாலும் மலிவு. 4 ஓம் ஸ்பீக்கர்களை மட்டும் இந்த விலைப் பெட்டிகளோடு சேர்க்காதீர்கள். ஓடும், ஆனால் மேல்மூடியில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

ஐந்தா, ஏழா?

புதிதாக வாங்குவதில் இரண்டு படிகள் உண்டு. கீழ்ப்படியில் சாதா 5.1 பெட்டிகள்: யமஹா ஆர்எக்ஸ்-வி385, மேலே சொன்ன சோனி டிஎச்590 போன்றவை. நான்கு எச்டிஎம்ஐ உள்ளே, ஒன்று வெளியே, புளூடூத் உண்டு, வைஃபை கிடையாது, அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி முறை) கிடையாது. புளூ-ரே டிஸ்க்கில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற சத்த வடிவங்கள் இரண்டையும் பிரித்து வாசிக்கும். அடுத்த படியில் 7.2 பெட்டிகள்: சோனி எஸ்டிஆர்-டிஎச்790, டெனான் எக்ஸ்1700எச், அதற்கு அடுத்து வந்த எக்ஸ்1800எச், யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ. இவற்றில் அட்மாஸ் உண்டு. டெனானிலும் யமஹாவிலும் வைஃபையும் உண்டு. டிஎச்790-ல் அது இல்லை.

“.2” என்பதைப் பார்த்து இரண்டு சப்வூஃபரைத் தனித்தனியாகச் சரிசெய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த விலையில் பெரும்பாலும் ஒரே சிக்னல் இரண்டு துளையில் வருகிறது, அவ்வளவுதான்.

அட்மாஸ் வீட்டுக்கு வந்தது 2014-ல். அதற்குத் தலைக்கு மேலிருந்து சத்தம் வர வேண்டும். ஐந்து ஸ்பீக்கரோடு மேலே இரண்டு என்றால் 5.1.2, அதாவது ஏழு சேனல் ஆம்ப், 7.2 பெட்டியின் அந்தக் கடைசி நான்கு துளைகளுக்கு உண்மையான வேலை அதுதான். கூரையில் ஸ்பீக்கர் பதிக்க முடியாதவர்களுக்கு மேல்நோக்கிப் பாயும் ஸ்பீக்கர்கள் உண்டு. முன் ஸ்பீக்கரின் தலைமேல் உட்கார்ந்து, கூரையில் மோதித் திரும்பும் சத்தத்தை நம்பியிருப்பவை. கூரை தட்டையாக, ரொம்ப உயரமில்லாமல் இருந்தால் ஓரளவு ஏமாற்றும். சரிவான கூரைக்கோ மரச்சட்டம் ஓடும் கூரைக்கோ அது சரிப்பட்டு வராது.

என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. மேலே இரண்டு ஸ்பீக்கர் எங்கே வரும், ஒயர் எந்த வழியாகப் போகும் என்று இன்றைக்கே சுவரைக் காட்டிச் சொல்ல முடிந்தால் 7.2 வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால் 5.1 போதும், மிச்சத்தை நடு ஸ்பீக்கரில் போடுங்கள். படத்தில் வசனத்தில் பெரும்பங்கு அந்த ஒரு ஸ்பீக்கரில்தான் வருகிறது. “பேசுவது கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டினால் பாட்டு காதைக் கிழிக்கிறது” என்ற புகாரை ரிசீவரை மாற்றித் தீர்த்தவரை நான் பார்த்ததில்லை. நல்ல நடு ஸ்பீக்கர் வாங்கியோ, இருந்ததைக் காது உயரத்துக்குச் சாய்த்து வைத்தோ தீர்த்தவர்கள் உண்டு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வினோதப் பிறவியும் இருக்கிறது. ஆன்கியோ டிஎக்ஸ்-எஸ்ஆர்3100 போன்றவை ஐந்து சேனல்தான், ஆனால் அட்மாஸைப் பிரித்து 3.1.2 ஆக வாசிக்கும்: முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் எதுவும் இல்லை. சோபாவுக்குப் பின்னால் சுவர் ஒட்டியிருக்கிறது, அங்கே ஸ்பீக்கர் வைக்கவே வழியில்லை என்பவர்களுக்கு இது யோசிக்கத்தக்கது. மற்றவர்களுக்குப் பின் ஸ்பீக்கரை விட்டுக்கொடுத்து மேல் ஸ்பீக்கரை வாங்கும் பேரம் எனக்கு ஒப்பவில்லை.

ஒயர் வரும் வழி

டிவிக்குள் இருக்கும் ஆப்பில் படம் பார்ப்பவருக்கு, டிவியிலிருந்து சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் ஆர்க். 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. அதன் தம்பி ஈ-ஆர்க், 2017-ல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்தது. ஆர்க் வழியாகச் சுருக்கிய 5.1 வரும், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் அதற்குள் பொதிந்த அட்மாஸும் வரும். ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் அட்மாஸ் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே டிவி ஆப்பில் வெறும் ஸ்ட்ரீமிங் மட்டும் பார்க்கிறவர் ஈ-ஆர்க் இல்லையே என்று தூக்கம் கெட வேண்டியதில்லை. தரம் குறையாத முழுச் சத்தம் உள்ள 4கே புளூ-ரே டிஸ்க்கை டிவியில் மாட்டிய பிளேயரில் ஓட்டினால்தான் ஈ-ஆர்க் கட்டாயம். அதுவும் பிளேயரை நேராக ரிசீவரில் மாட்டினால் தேவைப்படாது.

ஆப்டிகல் ஒயர் இதற்கெல்லாம் பழசு. டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1, ஸ்டீரியோ ஆகியவற்றோடு நின்றுவிடும். டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் ஏறாது. அவசரத்துக்கு உதவும்.

கேம் ஆடுபவர்களுக்குத்தான் எச்டிஎம்ஐ 2.1 நிஜமாகவே முக்கியம். 4கே படம் நொடிக்கு 120 முறை மாற வேண்டுமென்றால் வி385, டிஎச்590 இரண்டாலும் முடியாது, 60-தான் எல்லை. டெனான் எக்ஸ்1700எச்-ல் உள்ள ஆறு உள்ளீடுகளில் மூன்று மட்டும் இதைத் தாங்கும். இங்கே ஒரு பழைய விவகாரத்தையும் சொல்ல வேண்டும். 2020-ல் டெனான், மராண்ட்ஸ், யமஹா வெளியிட்ட முதல் 8கே ரிசீவர்களில் இருந்த எச்டிஎம்ஐ சிப், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அனுப்பிய 4கே 120 ஹெர்ட்ஸ் படத்தைக் கடத்த முடியாமல் திணறியது. டெனான் தரப்பு தனியாக ஓர் அடாப்டர் பெட்டி கொடுத்தது, யமஹா போர்டையே மாற்றித் தந்தது. புதிதாக வாங்குபவருக்கு இது முடிந்துபோன கதை. அந்த வருடத்து வி6ஏ-வை யாரிடமிருந்தாவது கைமாற்றாக வாங்குவதாக இருந்தால் போர்டு மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். கன்சோலை நேராக டிவியில் மாட்டி, சத்தத்தை மட்டும் ஈ-ஆர்க்கில் இறக்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பல வீடுகளில் அதுதான் தலைவலி இல்லாத வழி.

அந்தச் சின்ன மைக்

எல்லாப் பெட்டியிலும் ஒரு சின்ன மைக் வரும். யமஹாவில் அதன் கணக்குக்கு ஒய்பிஏஓ என்று பெயர், டெனானில் ஆடிஸி, சோனியில் டிசிஏசி. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சோதனைச் சத்தத்தை விட்டு, அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பலமாக, எந்தச் சுருதி தூக்கலாக வந்து சேர்கிறது என்று அளந்து சரிசெய்யும். என்னைக் கேட்டால் குறைந்த விலை ரிசீவர்களுக்குள் காதுக்குத் தெரியும் வித்தியாசம் முக்கால்வாசி இங்கேதான். அடிப்படை யமஹா ஒரே இடத்தில் வைத்து அளக்கிறது. டெனானின் ஆடிஸி மல்டிஈக்யூ பல இருக்கைகளில் அளந்து சேர்த்துக் கணக்குப் போடுகிறது. ஒருவரே உட்கார்ந்து பார்க்கும் அறைக்கு முன்னது தாராளம். நீளமான சோபாவில் நான்கு பேர் என்றால் பின்னது வேண்டும்.

மைக்கை வைப்பதில்தான் முதல் தடவை கோட்டை விட்டேன். சோபாவின் சாய்மானத்து மேல் அப்படியே உட்காரவைத்தேன். பின்னாலிருந்த மெத்தையில் பட்டுத் திரும்பிய சத்தத்தையும் சேர்த்து அளந்துகொண்டு, படம் முழுக்கத் தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். கேமரா ஸ்டாண்டில் மாட்டி, காது இருக்கும் உயரத்தில், சாய்மானத்திலிருந்து ஒரு சாண் முன்னால் நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஆள் மாறியது போல இருந்தது. முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் “பெரியது” என்று குறித்து வைத்திருக்கும். “சிறியது” ஆக்கி 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்புங்கள். சப்வூஃபர் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும்போது நான்கு மீட்டர் என்று காட்டினால் பதற வேண்டாம். சப்வூஃபரின் உள்மின்சுற்றில் ஆகும் தாமதத்தையும் அது தூரமாகக் கணக்குப் போடுகிறது. அதை மட்டும் மாற்றாமல் விடுங்கள்.

பழைய பெரிய பெட்டி

மூன்றாவது வழி: புதிய கீழ்ப்படிப் பெட்டியின் விலைக்கு, ஒரு காலத்தில் நடுப்படியிலோ மேல்படியிலோ இருந்ததைக் கைமாற்றாக வாங்குவது. தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். புதிய சின்னது ஏழெட்டு கிலோ. பழைய பெரியது 12 கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மரும் வெப்பத்தகடும்தான், அதாவது நிஜமான வாட். மைக் கணக்கும் உயர்ந்த ரகமாக இருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் ப்ரீ-அவுட் துளைகளும் இருக்கும். புதிய மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டும்தான் அது உண்டு.

வருடம் பார்த்து வாங்க வேண்டும். 2009-க்கு முந்தியது என்றால் ஆர்க் இருக்காது. 2014-க்கு முந்தியது என்றால் அட்மாஸ் இருக்காது. எச்டிசிபி 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு முறை) இல்லாத பெட்டிக்குள் அந்தப் பூட்டு உள்ள 4கே படத்தை அனுப்பினால் டிவி கறுப்பாகவே நிற்கும். அதற்கும் வழி உண்டு: எல்லாவற்றையும் டிவியில் மாட்டிவிட்டு, சத்தத்தை மட்டும் ஆர்க்கில் ரிசீவருக்கு இறக்குவது. ஆனால் சில டிவிகள் டிடிஎஸ்ஸைக் கடத்தாது. டிஸ்க் சேகரிப்பவருக்கு அது வலிக்கும்.

நான் ஒருமுறை இப்படி வாங்கி ஏமாந்திருக்கிறேன். விற்றவர் வீட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம், பிரமாதம். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் படம் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் திரை மின்னியது, அணைந்தது, மறுபடி வந்தது. சூடேறியதும் எச்டிஎம்ஐ போர்டு படுத்துக்கொள்கிறது. ஆம்ப் மட்டும் இரும்பு மாதிரி இருந்தது. அப்புறம் அதை வெறும் பாட்டுப் பெட்டியாகத்தான் வைத்திருந்தேன். இந்த இனத்தில் முதலில் சாகிற உறுப்பு பெரும்பாலும் அந்த போர்டுதான், ஆம்ப் இல்லை. ஆகவே ஒரு மணி நேரமாவது, எச்டிஎம்ஐ வழியாகப் படம் ஓடும்படி, விற்பவர் முன்னாலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு உள்ளீட்டையும் மாற்றிப் பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, போட்டதும் உள்ளே ரிலே “டக்” என்று ஒருமுறை விழுந்து நிற்கிறதா, இல்லை விட்டு விட்டு அடிக்கிறதா என்று கவனியுங்கள். மைக்கையும் ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள். வேறு பிராண்டின் மைக்கை மாட்டினால் அளவு பிசகும்.

சவுண்ட்பார் பற்றியும் கேட்பார்கள். பின்னால் ஒயர் இழுக்க வீட்டில் சம்மதமே இல்லை என்றால் சவுண்ட்பார்தான், வாதாடிப் பயனில்லை. ஆனால் அதில் ஒரு பாகம் போனால் மொத்தமும் போச்சு. ரிசீவர் பழுதானால் ஸ்பீக்கர்கள் மிஞ்சும்.

எந்த அறைக்கு எது

டிவி ஆப்பில் படம், சின்ன அறை, ஐந்து ஸ்பீக்கர் என்றால் யமஹா வி385 வகையே போதும். அதற்கும் டிஎச்590-க்கும் இடையே நான் யமஹா பக்கம் சாய்வேன், மெனுவில் நோண்டிச் சரிசெய்ய அதிகம் விடுகிறது என்பதால். கன்சோலும் இருக்கிறது, மேலே இரண்டு ஸ்பீக்கருக்கு இடமும் குறித்தாயிற்று, போனிலிருந்து வைஃபையில் பாட்டும் போட வேண்டும் என்றால் எக்ஸ்1700எச் அல்லது எக்ஸ்1800எச். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. அட்மாஸ் வேண்டும், வைஃபையும் 120 ஹெர்ட்ஸும் வேண்டாம் என்பவருக்கு டிஎச்790. ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே பெரியவை, டிஸ்க்தான் முதன்மை, கொஞ்சம் மல்லுக்கட்டவும் நேரம் இருக்கிறது என்பவர் 2015-க்குப் பிந்திய பழைய கனமான பெட்டியைத் தேடலாம்.

எதை வாங்கினாலும் அலமாரியை அளந்துவிட்டுப் போங்கள். மேலே காற்றோட்டத்துக்கு ஒரு சாண் இடைவெளி வேண்டும். பின்னால் எச்டிஎம்ஐ ஒயர் வளைந்து திரும்ப நான்கு விரல் அகலம் வேண்டும். பெட்டியின் ஆழத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அலமாரியின் முதுகுப் பலகையை ரம்பத்தால் அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான்.